வளையத்தின் ஆறு மூலைகள்: வாசகர் கேள்வி – பதில்

பாரசிட்டமால் மாத்திரைக்குள் ஒரு பென்சீன் வளையம் இருக்கிறது என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க அந்த வளையத்தைப் பற்றியே பேசிவிடலாம். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: சென்னைக்குத் தெற்கே மூலமருந்து தயாரிக்கும் தொழிற்சாலைகளில் 29 வருஷம் ஆய்வக வேதியியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

பென்சீன் புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நீங்களோ காய்ச்சல் மாத்திரையிலேயே பென்சீன் வளையம் இருக்கிறது என்கிறீர்கள். பிள்ளைக்குக் கொடுக்கவே கை நடுங்குகிறது.
– ஓர் இல்லத்தரசி, காரைக்குடி

பென்சீன் பொல்லாதது என்பது உண்மைதான், சகோதரி. வருஷக்கணக்கில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது நிரூபணமான விஷயம். ஆனால் பாட்டிலில் இருக்கும் பென்சீன் வேறு, ஒரு மூலக்கூறின் பகுதியாக உட்கார்ந்திருக்கும் பென்சீன் வளையம் வேறு.

பென்சீனில் அறுகோணமாகக் கைகோத்த ஆறு கார்பன், மூலைக்கு ஒன்றாக ஆறு ஹைட்ரஜன், அவ்வளவுதான். காது இல்லாத பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவதுபோல, அதை எங்கே பிடித்துத் தூக்குவது என்று கல்லீரலுக்குத் தெரிவதில்லை. வேறு வழியில்லாமல் வளையத்தின் மேலேயே ஆக்சிஜனை ஏற்றுகிறது. அப்போது உண்டாகும் எபாக்சைடும் அதைத் தொடர்ந்து வரும் குயினோன்களும்தான் எலும்பு மஜ்ஜையைக் கெடுப்பவை.

அதே வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதியை, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டை, ஒட்டினால் அது டொலுவீன். இப்போது பாத்திரத்துக்குக் காது வந்துவிட்டது. கல்லீரல் வளையத்தை விட்டுவிட்டு மெத்திலைப் பிடிக்கிறது. அதை பென்சாயிக் அமிலமாக்கி, கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு கோத்து, ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. டொலுவீனும் நரம்புக்குக் கேடுதான், முகர்ந்து பார்க்கக் கூடாது. ஆனால் பென்சீன் செய்கிற வேலையை அது எலும்பு மஜ்ஜையில் செய்வதில்லை. ஊறுகாய் பாட்டிலில் போடுகிற சோடியம் பென்சோயேட்டும் ஹிப்யூரிக் அமிலமாகவே வெளியேறுகிறது.

பாரசிட்டமாலின் வளையத்தில் ஹைட்ராக்சில் என்ற காது தயாராகவே இருக்கிறது. உடம்பு அதில் சல்பேட்டையோ குளுகுரோனிக் அமிலத்தையோ மாட்டி வெளியேற்றிவிடும். சிறு பகுதி மட்டும் வேறு வழியில் போய் நச்சுப்பொருளாகிறது. அதைக் கல்லீரலிலுள்ள குளூட்டாதயோன் அணைத்துவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும், கல்லீரல் சாகும். நீங்கள் பயப்பட வேண்டியது வளையத்துக்கு அல்ல, அளவுக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது எல்லை. பிள்ளைக்கு அதன் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் மில்லி கணக்கு மட்டுமே. சளி மருந்திலும் பாரசிட்டமால் சேர்ந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

தயாரிப்பின்போது பென்சீன் மிஞ்சி மாத்திரைக்குள் வந்துவிடாதா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். சர்வதேச விதிப்படி மருந்தில் பென்சீன் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த விதியைக் காப்பாற்ற எளிய வழி, பென்சீனைக் கரைப்பானாகத் தொழிற்சாலைக்குள்ளேயே விடாமல் இருப்பது. நான் பார்த்த இடங்களில் அப்படித்தான் செய்தோம்.

அரோமேட்டிக் என்றால் மணமுள்ளது என்று பொருள். பென்சீன் வளையம் உள்ளதெல்லாம் மணக்குமா? பதினோராம் வகுப்பில் மாணவர்கள் கேட்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை, தேவகோட்டை

மணக்காது. ஆஸ்பிரின் தூளுக்குச் சொல்லும்படியான வாசனையே இல்லை. ஆரம்பத்தில் கண்டறிந்த சேர்மங்கள் வாதுமை, லவங்கப்பட்டை, சாம்பிராணி வகைகளிலிருந்து வந்தவை. அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அந்தச் சொல்லுக்கு வேதியியலில் பொருள் வேறு: வளையத்தின் எலக்ட்ரான்கள் எந்த இரண்டு அணுவுக்கும் சொந்தமாகாமல் வளையம் முழுக்கப் பரவி நிற்பது.

ஆனாலும் மணத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். ஊட்டிக்குச் சுற்றுலா போனால் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விண்டர்கிரீன் தைலம் விற்பார்கள். நீலகிரியில் வளரும் ஒரு குத்துச்செடியின் இலையிலிருந்து எடுப்பது. வலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் வாசனை அதுதான். அதில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்து அமிலம் விட்டால் மணம் அடங்கி, வெள்ளை வெளேரென்று சாலிசிலிக் அமிலம் இறங்கும். அதை அசிட்டிக் நீரிலியோடு சேர்த்தால் ஆஸ்பிரின். மணமுள்ள ஓர் எண்ணெய் மணமற்ற மருந்தாவதை ஒரே மதியத்தில் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். ஒரு எச்சரிக்கை: அந்தத் தைலத்தில் ஒரு தேக்கரண்டியைக் குழந்தை குடித்துவிட்டால் அது இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

தொழிற்சாலையில் இலையை நம்பியா இருக்க முடியும்? அங்கே பீனாலின் சோடியம் உப்பை 125 டிகிரிச் சூட்டில், அதிக அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடோடு வினைப்படுத்துவார்கள். கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்த கார்பாக்சில் தொகுதி ஹைட்ராக்சிலுக்கு அடுத்த மூலையில், ஆர்த்தோவில் போய் உட்காரும். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உப்பை எடுத்து, இன்னும் அதிகச் சூட்டில் செய்தால் அதே தொகுதி எதிர் மூலைக்கு, பாராவுக்குப் போய்விடும். முதலாவதிலிருந்து ஆஸ்பிரின். இரண்டாவதிலிருந்து சிரப்பும் முகப்பூச்சும் கெடாமலிருக்கப் போடுகிற பாரபென்கள். அணுக்கணக்கு இரண்டிலும் ஒன்றே, உட்கார்ந்த இடம்தான் வேறு. இதை மாணவர்களிடம் சொல்லும்போது ஆறு மூலைகளையும் கரும்பலகையில் பெரிதாக வரைந்துவிட்டுச் சொல்லுங்கள்.

கெக்குலே கனவில் பாம்பு தன் வாலைக் கவ்வியதால்தான் பென்சீன் வளையம் கண்டுபிடிக்கப்பட்டது என்பது நிஜமா?
– ஒரு மாணவர், உடுமலைப்பேட்டை

ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே வளைய அமைப்பை வெளியிட்டது 1865இல். பாம்புக் கதையை அவர் சபையில் சொன்னது 25 ஆண்டுகள் கழித்து, 1890இல் பெர்லினில் நடந்த விழாவில். கனவு கண்டாரா என்பது அவருக்கு மட்டும் தெரியும். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது காத்லீன் லான்ஸ்டேல் பெயரை. 1929இல் ஹெக்சாமெத்தில்பென்சீன் படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சி, வளையம் தட்டையானது என்று அளந்து காட்டியவர் அவர். லண்டன் ராயல் சொசைட்டியில் 1945இல் உறுப்பினரான முதல் இரண்டு பெண்களில் ஒருவர். இரண்டு கார்பன்களுக்கு நடுவில் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பு 1.34, பென்சீனில் ஆறும் ஒரே மாதிரி 1.39. கனவைப் பாடப்புத்தகங்கள் ஞாபகம் வைத்திருக்கின்றன. அளந்தவரையும் வைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு முடக்குவாதம். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், வேறு நாளில் ஃபோலிக் அமிலம் எழுதியிருக்கிறார் மருத்துவர். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்கிறார் மருந்துக்கடைத் தம்பி. பிறகு ஏன் இரண்டையும் தருகிறார்கள்?
– ஒரு வங்கி ஊழியர், திண்டுக்கல்

முதலில் முக்கியமானது: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறைதான். தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. நாள்காட்டியில் அந்தக் கிழமையைச் சிவப்பில் வட்டமிட்டு, மாத்திரையை நீங்களே கையில் எடுத்துக் கொடுங்கள்.

தம்பி சொன்னது சரிதான், இரண்டும் எதிரிகளே. ஆனால் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஃபோலிக் அமிலத்தில் மூன்று துண்டுகள்: டெரிடின் என்ற நைட்ரஜன் கலந்த இரட்டை வளையம், நடுவில் பாரா அமினோ பென்சாயிக் அமிலம், கடைசியில் குளூட்டாமிக் அமிலம். மெத்தோட்ரெக்சேட்டில் டெரிடின் வளையத்தின் ஒரு மூலையில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் அமினோ தொகுதி, நடுவிலுள்ள நைட்ரஜனில் ஒரு மெத்தில். வித்தியாசம் இவ்வளவே. ஃபோலிக் அமிலத்தை வேலைக்குத் தயார்செய்யும் நொதி ஏமாந்து மெத்தோட்ரெக்சேட்டைப் பிடித்துக்கொள்கிறது; அதுவும் ஆயிரம் மடங்கு இறுக்கமாக. பெருகத் துடிக்கும் செல்கள் டிஎன்ஏ செய்ய வழியில்லாமல் நின்றுபோகின்றன. முடக்குவாதத்துக்குத் தருவது மிகக் குறைந்த அளவு. வாய்ப்புண், ரத்தக் குறைவு போன்ற பக்கவிளைவுகளைத் தணிக்கத்தான் வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். மருத்துவர் கணக்காகத்தான் எழுதியிருக்கிறார்.

இந்த மருந்தின் பின்னால் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார் என்பதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். எல்லாப்ரகட சுப்பாராவ், 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடுத்தியது அறுவைசிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். 1920களில் அமெரிக்கா போனார். 1940களில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில்தான் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து முடித்தார்கள். செய்யத் தெரிந்ததால் மாற்றவும் தெரிந்தது. ஒரு மூலையை மாற்றி அமினோப்டெரினை உண்டாக்கினார்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948இல் வெளியிட்டார். அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார். மெத்தோட்ரெக்சேட் அமினோப்டெரினின் அடுத்த தம்பி.

நடுத் துண்டான பாரா அமினோ பென்சாயிக் அமிலத்துக்கும் ஒரு வேடதாரி உண்டு. ஜெர்மனியில் டோமாக் என்ற ஆய்வாளர் 1930களில் ப்ரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் கிருமியால் சாகக் கிடந்த எலிகளைப் பிழைக்கவைப்பதைக் கண்டார். சாயம் உடம்புக்குள் உடைந்து சல்ஃபானிலமைடு ஆகிறது, வேலை செய்வது அதுதான் என்று 1935இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் காட்டினார்கள். அந்தச் சல்ஃபானிலமைடு 1908லேயே வியன்னாவில் ஒருவர் செய்து வைத்திருந்த பொருள். கார்பாக்சில் இருக்க வேண்டிய மூலையில் சல்ஃபோனமைடு. மற்றபடி உருவம் ஒன்று. பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே செய்துகொள்ளும். இந்த வேடதாரியை எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளும். நாம் ஃபோலிக் அமிலத்தைக் கீரையிலிருந்தும் பயறிலிருந்தும் வாங்கிக்கொள்கிறோம். அதனால் நமக்குச் சேதமில்லை.

என் அண்ணன் ஒன்பது வருஷமாக இமாடினிப் சாப்பிடுகிறார்; நன்றாக இருக்கிறார். இப்படி ஒரு மருந்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?
– ஓர் ஓட்டுநர், மணப்பாறை

உங்கள் அண்ணன் நலமாக இருப்பதைப் படித்ததும் இந்தக் கடிதத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவருக்கு வந்தது நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாக இருக்கும். அதில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதனால் ஒரு நொதி, மூடவே முடியாத குழாய் மாதிரி ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். குழாயை அடைக்க ஒரு தக்கை வேண்டும். தக்கை செய்ய இறங்கியவர்கள் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில் இருந்த வேதியியலாளர்கள்; யூர்க் சிம்மர்மன், நிக்கலஸ் லைடன் ஆகியோர் பெயர்களைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிரையன் ட்ருக்கர் அதை நோயாளிகளிடம் கொண்டுபோனார்.

அவர்கள் தொடங்கிய பொருள் ஃபீனைல் அமினோ பிரிமிடின் என்ற குடும்பம்: ஒரு பென்சீன் வளையம், ஒரு நைட்ரஜன், பிரிமிடின் என்ற இன்னொரு வளையம். அது வேறொரு நொதியை, புரோட்டீன் கைனேஸ் சி என்பதை, அடைத்துக்கொண்டிருந்தது. பிரிமிடினோடு பிரிடின் வளையம் சேர்த்தார்கள், செல்லுக்குள் வேலை செய்யும் திறன் கூடியது. பென்சீன் வளையத்தில் அமைடு கோத்தார்கள், வேண்டிய நொதியும் பிடிபட ஆரம்பித்தது. ஆனால் வேண்டாத பழைய நொதியையும் விடவில்லை.

இந்த இடத்தில் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். பென்சீன் வளையத்தில், நைட்ரஜனுக்குப் பக்கத்து மூலையில் ஒரே ஒரு மெத்திலை வைத்தார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். அது இடித்துக்கொண்டு நிற்பதால் இரண்டு வளையங்களும் நேராகப் படுக்க முடியாமல் திருகிக்கொண்டன. திருகிய உருவம் புரோட்டீன் கைனேஸ் சி-யின் குழிக்குள் நுழையவில்லை. புற்றுநோய் நொதியின் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. வேண்டாத வேலை நின்றது, வேண்டிய வேலை மிஞ்சியது. கடைசியாக, தண்ணீரில் கரையாமல் அடம்பிடித்த பொருளைக் கரையவைக்க மெத்தில் பைப்பரசின் என்ற வாலை ஒட்டினார்கள். 1998இல் முதல் நோயாளிகள், 2001 மே மாதம் அமெரிக்க ஒப்புதல். ‘கண்டுபிடிப்பு’ என்கிறோம், நடந்தது ஒவ்வொரு மூலையிலும் ஒன்றை வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்த வேலை.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட மனு வந்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு. 2006 ஜனவரியில் அங்கே நிராகரித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று போய், 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் நிராகரிப்பை உறுதிசெய்தது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால் அதன் மருத்துவப் பலன் கூடியிருக்க வேண்டும் என்பது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அன்று அயல்நாட்டு மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். உள்நாட்டில் செய்தது சுமார் பத்தாயிரத்துக்குள். மெத்திலை யோசித்து வைத்தவர்களுக்கு உரிய பெருமையைக் குறைக்காமலே சொல்கிறேன், அந்தத் தீர்ப்பு சரியானது. ஒரு ஓட்டுநர் வீட்டில் ஒன்பது வருஷம் இந்த மாத்திரை வாங்க முடிந்திருக்கிறதே.

ரத்த அழுத்த மருந்துகளான லோசார்டன், வல்சார்டன், டெல்மிசார்டன் மூன்றின் மூலக்கூறு படத்திலும் இரண்டு பென்சீன் வளையங்கள் கைகோத்து நிற்கின்றன. எப்படி ஒட்டுகிறார்கள்?
– பி.பார்ம். மாணவி, நாமக்கல்

நல்ல கண் உங்களுக்கு. அதற்கு பைஃபீனைல் என்று பெயர். 1901இல் உல்மான் என்ற வேதியியலாளர் செம்புத்தூளோடு சேர்த்து 200 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் வளையங்களை ஒட்டினார். கரி, தார், குறைந்த ஈல்டு, அதாவது கிடைக்கும் பொருளின் அளவு குறைவு. 1979இல் ஜப்பானில் சுசுகியும் மியாவுராவும் வேறு வழி காட்டினார்கள். ஒரு வளையத்தில் போரானிக் அமிலம், இன்னொன்றில் புரோமின், நடுவில் தரகர் போல் துளி பல்லேடியம், கொஞ்சம் காரம். போரானிக் அமிலம் சாதுவான வெள்ளைத் தூள். தண்ணீர் பட்டாலும் கெடாது. ஹெக், நெகிஷி ஆகியோரோடு சுசுகிக்கு 2010இல் நோபல் கிடைத்தது. சார்டன் மருந்துகளுக்கான பைஃபீனைல் துண்டை எங்கள் பக்கம் ஓ.டி.பி.என். என்போம். அதைச் செய்ய இதுவும் ஒரு வழி.

ஒட்டுவதைவிடப் பல்லேடியத்தை வெளியேற்றுவது கஷ்டம். வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் அது உள்ளே போகக் கூடாது. கார்பன் போட்டு வடிகட்டி, வடிகட்டி, வடிகட்டித்தான் அந்த அளவுக்கு இறக்குவோம்.

இன்னொன்றையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் உலகம் முழுக்க வல்சார்டன் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்களே, அதற்குக் காரணம் இந்த வளையங்கள் அல்ல. பக்கத்தில் இருக்கும் டெட்ரசோல் வளையத்தைக் கட்டிய முறை. டிஎம்எஃப் கரைப்பானில் வினை நடத்தி, வளையம் கட்டப் போட்டதில் மிஞ்சிய அசைடு என்ற நைட்ரஜன் சேர்மத்தை அழிக்க சோடியம் நைட்ரைட் சேர்த்தார்கள். டிஎம்எஃப்பிலிருந்து பிரிந்த டைமெத்தில் அமீனும் நைட்ரைட்டும் சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ ஆகிவிட்டது. கரைப்பானை மாற்றும்போது அது உடைந்தால் என்னவாகும், அந்த என்னவோ அடுத்த படியில் எதோடு சேரும் என்று தாளில் எழுதிப் பார்க்காமல் மாற்றக் கூடாது.

மகள் எம்.எஸ்சி. கரிம வேதியியல் முடித்திருக்கிறாள். மருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. பெண் பிள்ளையை அனுப்பலாமா?
– ஒரு தாய், விருத்தாசலம்

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. ஆனால் ஆணோ பெண்ணோ, சில கேள்விகளைக் கேட்காமல் சேர வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். இரவு ஷிஃப்டில் நைட்ரோ ஏற்றம் நடந்துகொண்டிருந்தது. வளையத்தில் நைட்ரோ தொகுதி ஏறும்போது நிறையச் சூடு பிறக்கும். அதனால் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும், கலக்கி ஓயாமல் சுற்ற வேண்டும். கரண்ட் போனது. கலக்கி நின்றது. வெளிச்சம் இல்லாத குழப்பத்தில் அமில வால்வை மூட யாருக்கும் தோன்றவில்லை. ஏறக்குறைய இருபது நிமிஷம் அமிலம் வினைபுரியாமல் உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தது. கரண்ட் வந்து கலக்கி சுற்ற ஆரம்பித்ததும் சேர்ந்த அத்தனையும் ஒரே நேரத்தில் வினைபுரிந்தது. வெப்பமானியின் முள் ஏறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியின் ஓரத்திலிருந்து செம்பழுப்புப் புகை. எல்லாரும் வெளியே ஓடினோம். ஆபரேட்டர் அண்ணன் மட்டும் கீழ் வால்வைத் திறந்து மொத்தத்தையும் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிட்டுத்தான் வந்தார். லேசான இருமல்தான், டீ குடித்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் மூச்சுவிட முடியாமல் துடித்தார். நைட்ரஜன் டை ஆக்சைடு அப்படித்தான். நுரையீரலில் நீர் கோக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்தார். கரண்ட் நின்றால் வால்வு தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாடு அந்த இடத்தில் இருக்கவில்லை. கேட்டிருந்தோம், செலவு என்றார்கள்.

ஆகவே மகள் கேட்க வேண்டியவை: கலக்கி நின்றால் அமிலம் தானாக நிற்குமா? இரவு ஷிஃப்டில் பாதுகாப்பு அதிகாரி உண்டா? புகை பட்டவரை 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்களா? இரவில் வீடுவரை வண்டி உண்டா? பெண்களுக்குத் தனி உடை மாற்றும் அறை உண்டா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

கல்லூரி ப்ராஜெக்டுக்காகப் பாரசிட்டமால் செய்தேன். வெள்ளையாக வர வேண்டியது ரோஸ் நிறத்தில் வந்தது. உருகுநிலை 162. எங்கே தப்பு, மேடம்?
– பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவர், மன்னார்குடி

தம்பி, அந்த ரோஸ் நிறத்தோடு நான் வருஷக்கணக்கில் போராடியிருக்கிறேன். உங்கள் கடிதம்தான் இந்த மாதம் என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியது.

நீங்கள் பாரா அமினோபீனாலைக் கடையில் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டி கட்டியாகப் பழுப்பாக இருந்தது என்றும். அங்கேதான் தப்பு. அது காற்றுப் பட்டாலே ஆக்சிஜனேற்றமாகி நிறம் ஏறும் பொருள்.

அது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் நிறத்தின் மேல் கோபம் வராது. பழைய முறையில் பீனாலை நீர்த்த நைட்ரிக் அமிலத்தோடு சேர்ப்போம். நைட்ரோ தொகுதி பாதி ஆர்த்தோவிலும் பாதி பாராவிலும் ஏறிவிடும். பிரிக்க, நீராவி விட்டு வாலைவடிப்போம். ஆர்த்தோவில் நைட்ரோவும் ஹைட்ராக்சிலும் பக்கத்துப் பக்கத்து மூலை. ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கத்து மூலக்கூறுகளை விட்டுவிடும். அதனால் ஆவியோடு எளிதாக ஏறிவரும். பாராவில் இரண்டும் எதிரெதிர் மூலை. கை எட்டாது, அடுத்த மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு குடுவையிலேயே கிடக்கும். கண்டென்சருக்குள் மஞ்சள் சொட்டுகள் இறங்கும்போது இனிப்பும் மருந்தும் கலந்த ஒரு வாசனை வரும். 45 டிகிரியில் உறையும் பொருள் அது. கண்டென்சர் குளிர்ந்திருந்தால் உள்ளேயே மஞ்சள் ஊசிகளாக உறைந்து குழாயை அடைத்துவிடும். அப்போது குளிர்நீரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஊசிகள் உருகி வழிந்ததும் மறுபடி திறக்க வேண்டும். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் பத்தாவது படித்த ஒரு லேப் உதவியாளர். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் கண்ணாடியைத் தொட்டே சொல்வார். குடுவையில் மிஞ்சிய பாரா நைட்ரோபீனாலை இரும்புத்தூளும் அமிலமும் போட்டு ஒடுக்கினால் பாரா அமினோபீனால்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பழுப்புக் கட்டியை நேராக அசிட்டிக் நீரிலியில் போடாதீர்கள். தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கரையுங்கள். அமீன் உப்பாகிக் கரைந்துவிடும். கார்பன் தூள் போட்டுச் சில நிமிஷம் சூடாக்கி, சூட்டோடு வடிகட்டுங்கள். வடிநீர் வெளிர் நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு தடவை. பிறகு ஒரு சிட்டிகை ஹைட்ரோஸ் – அதாவது சோடியம் டைதயோனைட் – சேருங்கள். சோடியம் அசிட்டேட் கரைசலையும் அசிட்டிக் நீரிலியையும் தயாராக வைத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக உடனே ஊற்றிக் கலக்குங்கள். தண்ணீர் இருக்கிறதே, நீரிலி வீணாகாதா என்று தோன்றும். அமினோ தொகுதி தண்ணீரையும் முந்திக்கொள்ளும், தன் வளையத்திலேயே இருக்கும் ஹைட்ராக்சிலையும் முந்திக்கொள்ளும். அதனால்தான் வேண்டிய இடத்தில் மட்டும் அசிட்டைல் ஏறுகிறது. நீரிலியை அளவுக்கு மேல் ஊற்றி நெடுநேரம் சூடாக்கினால் ஹைட்ராக்சிலிலும் ஏறிவிடும். உங்கள் 162க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஐஸில் வைத்துப் படிகமாக்கி வடிகட்டிய பிறகு கொதிநீரில் மறுபடிகமாக்குங்கள். 100 மில்லி கொதிநீரில் 5 கிராம் போலக் கரையும். அதற்கு மேல் தண்ணீர் ஊற்றினால் ஈல்டு மதர் லிக்கரிலேயே, அதாவது படிகத்தை வடிகட்டிய பின் மிஞ்சும் நீரிலேயே, தங்கிவிடும். மெதுவாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ஐஸில் வைத்தால் படிகம் அழுக்கையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும்.

நிறம் போய்விட்டது என்பதற்காக மட்டும் அதைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் மருந்து நூலில் பாரா அமினோபீனாலுக்கு வைத்த வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கு. கருவிகள் வருவதற்கு முன் காரம் கலந்த சோடியம் நைட்ரோப்ருசைடு விட்டு அரை மணி நேரம் காத்திருந்து, உண்டாகும் நீலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேல் வைத்து ஒப்பிடுவோம். ஒரு பேட்ச் முழுவதும் அந்த நீலத்தின் சாயலைப் பொறுத்துத் தேறும் அல்லது திரும்பிப் போகும்.

நீங்கள் செய்ததை யாரும் வாயில் போட வேண்டாம், தலைவலி வந்தாலும். பாட்டிலில் தேதி எழுதி ஒட்டிவையுங்கள். நன்றாகக் காயவைத்த பிறகு உருகுநிலையை மறுபடி பாருங்கள். 169க்கும் 171க்கும் நடுவில் வர வேண்டும். எவ்வளவு வந்தது, எத்தனை கிராம் கிடைத்தது என்று அடுத்த இதழுக்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.